தந்தி வீட்டுப் பேரன்: தெற்கே ஆறு நாள்

முதல் நாள்: தூத்துக்குடி

முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் எங்களைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. எங்களை என்றால் என்னையும் அப்பாவையும். அப்பாவுக்கு வயது 74. ரயிலில் சரியாகத் தூங்கவில்லை, இறங்கியதும் முதலில் டீ வேண்டும் என்றார்.

டீக்கடைக்கு எதிர்ச்சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை. இறந்தவரின் பெயர் இனிஷியலோடு சின்ன எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, மூன்று மடங்கு பெரிய எழுத்தில், 'லாந்தர்' என்று போட்டிருந்தார்கள். நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அப்பா, "லாந்தர்னு போடலன்னா யாரு போய்ச் சேந்தாகன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கடைக்கார அண்ணாச்சிக்கு லாந்தரைத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் அளத்தில் இராக்காவல் பார்த்தவராம். உப்பளப் பாத்திகளின் வரப்பில் அவர் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தண்ணீரில் ஆடி ஆடிப் போகும். அப்புறம் டார்ச் லைட் வந்தது. அதற்கப்புறம் அவர் காவல் வேலையையே விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் மட்டும் அணையவில்லை. "யாரு வச்ச பேரு?" என்று அப்பா கேட்டார். அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "எங்க அய்யா காலத்துலயே அப்படித்தான் கூப்பிட்டாவ."

அப்பா இந்தக் கேள்வியை இனி ஊர் ஊராகக் கேட்கப்போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் வந்த காரியமே ஒரு பட்டப்பெயரால்தான். தாத்தா பெயரில் ஊரில் ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் 'தந்தி சுப்பையா'. இறப்புச் சான்றிதழில் வெறும் 'சுப்பையா'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊரில் மூத்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஒருநாள் வேலைதான். "அவ்வளவு தூரம் போறோம், சுத்திப் பாத்துட்டுப் போவோம்" என்று அப்பா ஆறு நாளாக்கிவிட்டார்.

சாயங்காலம் பழைய துறைமுகம் பக்கம் போய் நின்றோம். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டிய கடல் இதுதான். 1908-இல் அவரைப் பிடித்து இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். 1912-இல் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1936-இல் இதே தூத்துக்குடியில் இறந்தார். ம.பொ.சி. 1944-இல் எழுதிய வரலாற்று நூலுக்குக் 'கப்பலோட்டிய தமிழன்' என்று பெயர் வைத்தார். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும்.

அவருக்குச் 'செக்கிழுத்த செம்மல்' என்றும் ஒரு பெயர் உண்டு. அப்பாவுக்கு அது பிடிக்காது. "கப்பல் அவரு செஞ்சது. செக்கு அவருக்கு அவனுக செஞ்சது. ஒருத்தரை எதை வச்சுக் கூப்பிடணும்?" என்றார். நான் இதுவரை அப்படி யோசித்ததில்லை.

இரண்டாம் நாள்: மணப்பாடு

திருச்செந்தூரில் பஸ் மாறி மணப்பாடு வந்தோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேடு, அதன் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கீழே பாறையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை. அப்பா படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்து, நான் குகையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் சிநேகமாகிவிட்டார்.

இந்தக் கடற்கரையில் பட்டப்பெயர் எப்படி வேண்டியதாகிப்போனது என்று அந்தப் பெரியவர் சொன்னார். பரதவர் ஊர்கள் 1530-களில் மொத்தமாகத் திருமுழுக்குப் பெற்றன. சவேரியார் 1542-இல் வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்கள் அப்படியே இங்கே வந்து தங்கிவிட்டன: பர்னாந்து, கோமஸ், மிராண்டா, ரொட்ரிகோ, மச்சாது. புனிதர்களின் பெயர்களும் அளவோடுதான். ஊர் முழுக்கத் திருப்பித் திருப்பி அதே அந்தோணி, அதே சவேரியார், அதே மரியாள்.

"எங்க தெருவுல மட்டும் அந்தோணி பர்னாந்து ஏழு பேரு. தபால்காரன் என்ன செய்வான்? கடல்ல ஒருத்தனுக்கு ஆபத்துன்னா, எந்த அந்தோணின்னு கேட்டுக்கிட்டா நிக்க முடியும்?"

ஏழு பேருக்கும் ஏழு பட்டப்பெயர். சிலது மீன் பெயர். சிலது காற்றுப் பெயர். அவர் சொன்னதில் எனக்கு மனதில் நின்றது கொண்டல் என்பவரின் கதை. கொண்டல் என்றால் கிழக்கே இருந்து வரும் காற்று. ஒரு விடியற்காலை எல்லாரும் வள்ளத்தைத் தள்ளும்போது இந்த அந்தோணி மட்டும் மணலில் உட்கார்ந்துகொண்டு, "கொண்டல் திரும்பும், நான் வரல" என்றிருக்கிறார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சோம்பேறி என்று ஏசிவிட்டுப் போனார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. போனவர்கள் உயிரோடு வந்தார்கள், வலை வரவில்லை. அன்றைக்கு யாரோ ஒருவர் வாயில் வந்த பெயர். அதற்கப்புறம் ஊரே கடலுக்குப் போகுமுன் அவர் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத்தான் போகுமாம். அவர் வள்ளம் இறங்கினால் எல்லாரும் இறங்குவார்கள்.

"யாரு வச்சது?" என்றார் அப்பா.

பெரியவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு யோசித்தார். "அன்னைக்குக் கரையில ஐம்பது பேரு நின்னிருப்பான். யாருன்னு சொல்ல?"

கிளம்பும்போது நான் அவர் பெயரைக் கேட்டேன். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். அப்பா, "அது இல்ல, ஊரு கூப்பிடுற பேரு" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். சொல்லவே இல்லை. அது ஊருக்குள் புழங்கும் காசு போலிருக்கிறது, வெளியாளிடம் கொடுக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள்: ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஆட்டோ பிடித்தோம். இப்போது நிற்கும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. உண்மையான கோட்டையை வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கி ஆமணக்கு விதைத்தார்கள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். வெயில் கொளுத்தியது. செம்மண்ணும் கரிசலும் கலந்த வெளி. தூரத்தில் சக்கம்மா கோயில் மணி.

எல்லாரும் கட்டபொம்மன் சிலை முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'கட்டபொம்மன்' என்பதே குடும்பத்துக்கு வந்த பட்டம். முன்னோர் ஒருவரைக் 'கெட்டி பொம்மு' என்று தெலுங்கில் அழைத்தது தமிழ் வாயில் கட்டபொம்மு ஆனது. வீரபாண்டியன் என்பது அவர் பெயர்.

எனக்கு இங்கே பார்க்க வேண்டியிருந்தது தம்பியை. ஊமைத்துரை. குமாரசாமி என்று சொந்தப் பெயர் சொல்கிறார்கள். வாய் பேச வராதவர். அண்ணனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபரில் தூக்கிலிட்டபின் இவரைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறையை உடைத்து இவரை மீட்டார்கள். இடித்துக் கிடந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் சனங்கள் மண் சுமந்து திரும்ப எழுப்பினார்கள். வெள்ளைக்காரப் படை முதலில் வந்து தோற்றுத் திரும்பியது. மார்ச் மாதம் மறுபடி வந்தும் முடியவில்லை. மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. அந்த நவம்பரில் இவரையும் இதே மண்ணில் தூக்கிலிட்டார்கள்.

எதிர்த்துச் சண்டை போட்ட கர்னல் ஜேம்ஸ் வெல்ஷே பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் இவரைப்பற்றி வியந்து எழுதியிருக்கிறார். நோஞ்சான் போன்ற உடம்பு, பேச்சு கிடையாது, ஆனால் ஒரு சைகை காட்டினால் ஊர் முழுக்க ஓடி வந்து அதைச் செய்தது என்று. அவருக்கும் இவர் 'ஊமி'தான்.

பேச்சு வராதவரை ஊமை என்று கூப்பிடுவது இன்றைக்கு யோசித்தால் வலிக்கிற விஷயம். அந்தப் பெயரோடு ஊர் 'துரை'யைச் சேர்த்திருக்கிறது. அந்த ஒட்டுச் சொல்லில்தான் அத்தனை மரியாதையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோட்டைச் சுவரில் அவர் ஓவியத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் பையனிடம், "இவுக பேசமாட்டாக, ஆனா இவுக சொன்னா எல்லாரும் கேப்பாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்: கோவில்பட்டி

இன்று எங்கும் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. லாட்ஜ் அறையில் படுத்திருக்கிறார். நான் கடலை மிட்டாய் வாங்கி வந்து தின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

பள்ளியில் படித்த நன்னூல் ஞாபகம் வந்தது. இடுகுறிப் பெயர், காரணப் பெயர். பெற்றவர்கள் வைக்கும் பெயருக்குப் பிள்ளையிடம் காரணம் கிடையாது, பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஊர் வைக்கும் பெயருக்குத்தான் காரணம் வேண்டியிருக்கிறது, அதற்கு ஆளைப் பல வருஷம் பார்த்திருக்க வேண்டும்.

சங்கப் புலவர்களிலேயே சொந்தப் பெயர் தொலைந்து, பாட்டில் வந்த ஒரு சொல்லையே பெயராகப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். செம்புலப் பெயனீரார். அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார். தேய்புரிப் பழங்கயிற்றினார். குப்பைக் கோழியார். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகச் சண்டைபோட்டுத் தாமாக ஓய்வதுபோல இந்தக் காதல் நோயும் விலக்குவாரின்றித் தானாகத் தீர வேண்டியதுதான் என்று எழுதியவர் அவர். தொகுத்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியவில்லை. அந்தக் கோழியை மட்டும் மறக்க முடியவில்லை. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஒருவர். ஆற்று மடுவில் மரக்கிளையிலிருந்து குதித்து அடிமணலை அள்ளி வந்த பிள்ளைப் பருவத்தை, பூண் போட்ட தடியை ஊன்றி இருமிக்கொண்டு நினைத்துப் பார்க்கும் கிழவரின் பாட்டு. அந்தத் தடியே அவருக்குப் பெயர்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாட்டுல தடி வந்ததால தடியா? அப்ப நான் என்ன, முழங்காலா?" என்று சிரித்தார்.

எல்லாப் பட்டப்பெயரும் இப்படி அமைவதில்லை. எட்டாம் வகுப்பில் என் நிறத்தை வைத்து ஒரு ஆசிரியர் எனக்கு ஒரு பெயர் வைத்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஒரு முறை சொன்னார், பையன்கள் மூன்று வருஷம் சொன்னார்கள். அவரை நான் எங்காவது பார்த்தால் அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அவர்கள் ஊரில் இதைப் 'பட்டம் தெளிக்கிறது' என்பார்கள் என்று சொன்னார். சரியான சொல். தெளித்தவர் கையை உதறிவிட்டுப் போய்விடுவார், நனைந்தவன் நனைந்தபடியே இருப்பான். நொண்டி, திக்குவாய், மாறுகண் என்று உடம்பைப் பிடித்து வைக்கும் பெயர்களும், சாதியைத் தொட்டு வைக்கும் பெயர்களும் அதை வைத்தவர்களோடே போய்ச் சேர வேண்டும். அவற்றைப் பழைய காலத்து அழகு என்று நான் எழுதமாட்டேன்.

மாலையில் அப்பா எழுந்து நடந்தார். நாளை எட்டயபுரம்.

ஐந்தாம் நாள்: எட்டயபுரம்

அப்பா சென்னையில் 30 வருஷம் வேலை பார்த்தார். சொந்த ஊர் எங்கே என்று யார் கேட்டாலும் எட்டயபுரம் பக்கம் என்பார். உடனே, "ஓ, எட்டப்பன் ஊரா?" என்பார்கள். ஒரு முறை அலுவலகத்தில் யாரோ மேலிடத்தில் கோள் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் முதலில் திரும்பிப் பார்த்தது அப்பாவை. அவர் அதை வீட்டில் வந்து சொன்ன இராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதனால் இன்று அரண்மனை வாசலில் அவர் நின்றபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். பெரிய வாசல், காரை பெயர்ந்த சுவர்கள்.

எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயர் அல்ல, இந்தப் பாளையத்தின் வழிவழிப் பட்டம். அது வந்ததற்கு அரண்மனைக் குடும்பம் சொல்லும் கதை இது. முன்னோர் ஒருவர் விஜயநகர அரசரைப் பார்க்கப் போனபோது வாசலில் சோமன் என்ற மல்லன் காவல் நின்றான். தனக்கு அடங்கித்தான் யாரும் உள்ளே போக வேண்டும் என்றான். இவர் அடங்கவில்லை. சண்டையில் சோமன் செத்துப்போனான். அவனுக்கு எட்டுத் தம்பிகள் இருந்தார்கள், ஆதரவு இல்லாத பிள்ளைகள். கொன்றவரே அந்த எட்டுப் பேரையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார். எட்டுப் பேருக்கு அப்பன். எட்டப்பன்.

தான் செய்த கொலைக்குப் பொறுப்பேற்று எட்டு அனாதைகளை வளர்த்ததற்காகக் கிடைத்ததாகச் சொல்லும் பெயர், இன்று தமிழில் துரோகி என்பதற்கு மறுசொல். சினிமாவிலும் மேடையிலும் சட்டமன்றத்திலும் அப்படித்தான் புழங்குகிறது.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். எட்டயபுரம் பாளையம் வெள்ளையர் பக்கம் நின்றது உண்மை. பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராகப் படை அனுப்பியதும் உண்மை. இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு ரொம்ப நாளாக இருந்தது. ஆனால் காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அந்தப் பழிக்கும் எட்டப்பன் பெயரே நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மன்னர் செய்ததற்கு ஒரு பட்டத்தையே, ஒரு ஊரையே, என் அப்பா போன்ற ஒரு குமாஸ்தாவையே இழுத்துப் போட்டது நியாயமா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இதே அரண்மனைதான் இன்னொரு பெயரும் கொடுத்தது. சின்னசாமி ஐயர் மகன் சுப்பிரமணியன், வீட்டில் சுப்பையா. பதினோரு வயதில் இங்கே புலவர்கள் கூடிய சபையில் பாடிக் காட்டி, 'பாரதி' என்ற பட்டம் வாங்கினார். பொடியனுக்கு இவ்வளவு பெரிய பட்டமா என்று சிலருக்குப் பொறுக்கவில்லை. காந்திமதிநாதன் என்பவர், 'பாரதி சின்னப் பயல்' என்று முடியும்படி வெண்பா பாடு பார்ப்போம் என்றாராம். பாரதி பாடினார். பாட்டு முடிவது இப்படி: 'காந்திமதி நாதனைப் பாரதி சின்னப் பயல்'. பார், அதி சின்னப் பயல் என்று பிரித்துப் படித்தால் அடி யார் மேல் விழுகிறது பாருங்கள். வைக்க வந்த பட்டப்பெயரை நடுவழியில் நிறுத்தி அனுப்பியவருக்கே திருப்பியதாக நான் கேட்ட கதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

பாரதி பிறந்த வீட்டில் அப்பா ரொம்ப நேரம் இருந்தார். வெளியே வந்ததும், "எங்கய்யாவும் சுப்பையாதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறாம் நாள்: ஊர்

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து விலகி இரண்டு கிலோமீட்டர். பருத்தி எடுத்து முடிந்த காடு. வேலி முழுக்க உடைமரம்.

தாத்தா காலத்தில் ஊரில் நான்கு சுப்பையா. பேரன் என்பதே பெயரன்தான். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரே பெயர் ஒரே ஊரில் சுற்றிச் சுற்றி வரும். வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைக்கு அதே பெயர் என்றால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? பெரியவன், ராசு, துரை என்று வேறு ஒன்று வைத்துக்கொள்வாள். வீட்டுக்குள் ஒன்று, தெருவில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று.

தாத்தாவின் தந்திக் கதையை அப்பா எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார். 1954 வாக்கில், அப்பாவுக்கு மூன்று வயது. கொழும்பில் கடையில் வேலை பார்த்த தாத்தாவின் அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. எங்கள் ஊருக்கு வந்த முதல் தந்தி அதுதானாம். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுதான். உள்ளே இருந்தது, 'வெள்ளிக்கிழமை வருகிறேன்' என்ற செய்தி. அன்று முதல் தாத்தா தந்தி, வீடு தந்தி வீடு, அப்பா தந்தி மகன், நான் தந்தி பேரன். அப்பாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கையெழுத்துக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார், முன்னாள் தலையாரி. இரண்டாவது ஆளாக எல்லாரும் மில்லாச்சியைக் காட்டினார்கள். வயது 80 இருக்கும். கோவில்பட்டி நூற்பு மில்லுக்கு இந்தத் தெருவிலிருந்து முதலில் வேலைக்குப் போன பெண் என்பதால் அந்தப் பெயர். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் வெற்றிலைப் பெட்டியோடு இருந்தார். அப்பா போய் நின்றதும் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தார்.

"தந்தி மவனா? வாய்யா. உங்கய்யா மாதிரியே கூன் போட்டு நிக்க."

அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆறு நாளும் எல்லாரிடமும் கேட்டதுதான். "ஆச்சி, எங்கய்யாவுக்கு அந்தப் பேரு யாரு வச்சது?"

ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தவில்லை. "நாந்தாம்யா வச்சேன்."

அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது வயதுப் பிள்ளையாம் அப்போது. எட்டயபுரத்திலிருந்து தந்திச் சேவகன் சைக்கிளில் வருகிறான். ஊர் எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இவளிடம், சுப்பையா வீடு எது என்று கேட்கிறான். எந்தச் சுப்பையா என்று இவளுக்குப் புரியவில்லை. அண்ணன் கொழும்பில் இருக்கிற சுப்பையா என்கிறான். ஆட்டை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு முன்னால் ஓடினாள். "தந்தி! தந்தி! சுப்பையா மாமாவுக்குத் தந்தி!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே.

அவள் கத்தியதுதான் வினையாகப் போயிற்று. சேவகன் வீட்டை அடைவதற்குள் பெண்கள் தலையை விரித்துப்போட்டு வந்துவிட்டார்கள். தந்தி இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூட வாத்தியார், அவர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் ஒப்பாரி. கொழும்பில் உயிரோடு இருந்த மனுஷனின் குணத்தையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தாத்தா மட்டும் அழவில்லை, அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வந்து வாசித்தார். யாரும் நம்பவில்லை. இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள்.

"எல்லாரும் சிரிச்சாவ. உங்கய்யா அப்பத்தான் அழுதாரு. பெறவு என்னைக் கண்டா, வாட்டி, தந்தின்னு என்னையத்தான் கூப்பிடுவாரு. நான் அவரைத் தந்தி மாமான்னேன். ஊரு என் பேரை விட்டுட்டு அவரு பேரைப் புடிச்சுக்கிட்டு."

இந்தியாவில் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். என் மகளிடம் தந்தி என்றால் டிவி சேனல் என்பாள். இந்த ஊரில் இன்னும் அது என் தாத்தா.

அப்பா ஒன்றும் பேசாமல் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார். ஆச்சி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ரேகை வேண்டாம், நான் எழுதுவேன் என்று பேனாவை வாங்கினார். நான் தாளுக்கு அடியில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்தை எழுதி நிறுத்தினார், அதற்குக் கொம்பு போட்டார், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே எழுதினார்.

பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாக அடுத்தடுத்த வீடாம். தாளைக் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆச்சி, ஒங்க பேரு இதுவா?"